ஐந்தை ஆறாக்கினேன், போல்ட்டை முடுக்கினேன்

மீட்டர் ஐந்து என்று காட்டியது.

துல்லியமாகச் சொன்னால் 5.02. வேலம்பாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனி. ஓடாமல் நின்ற ஒரு மிஷினின் பக்கவாட்டில் மாட்டியிருந்த கையகல இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற இரண்டு மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. மூக்குக் கண்ணாடியில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 5.02.

அங்கே ஆறே கால் வோல்ட் இருக்க வேண்டும். பத்து நாளைக்கு முன்னால் என் கையால் நான் வரவழைத்த ஆறே கால்.

மீட்டருக்குப் பேட்டரி போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பு நம் பக்கம் திரும்புகிறது என்றால் மனசு எப்போதும் மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்படும். பையிலிருந்து ஒரு புது பேட்டரியை எடுத்து அளந்து பார்த்தேன். மீட்டர் குத்துக்கல்லாட்டம் சரியாக இருந்தது.

அன்றைக்கு நான் அங்கே போனதே என் வேலை சுத்தம் என்று காட்டத்தான். அந்தத் திமிர் எப்படி இறங்கியது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். மண்ணரையில் எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிற என்னை 'போர்டு அக்கா' என்று கூப்பிடுகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கட்டும், பரவாயில்லை.

ஊசிகளைப் பார்க்கிற கண்

பனியன் துணி பின்னுகிற மிஷினுக்குள் வட்டமாக ஆயிரக்கணக்கில் ஊசிகள் நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கொக்கி. அதில் ஒரே ஒரு கொக்கி உடைந்தால் போதும், துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழ ஆரம்பிக்கும். யாரும் பார்க்காவிட்டால் ரோல் முழுக்க விழும். அந்த ரோலை வெட்டித் தைக்க முடியாது.

அதனால் ஊசிகளுக்கு எதிரே விரல் நீளத்தில் ஒரு கண் வைத்திருப்பார்கள். டிடெக்டர் என்பார்கள். அதற்குள் இருக்கிற சின்ன விளக்கு ஊசிகளின் மேல் வெளிச்சம் அடிக்கும். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கொக்கி குறைந்தாலும் திரும்பி வருகிற வெளிச்சத்தில் அது தெரிந்துவிடும். உடனே மிஷினை நிறுத்திவிடும். எத்தனை வருஷமாகப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அந்தக் கண்ணுக்கு மின்சாரம் கொடுக்கிற போர்டுதான் பத்து நாளைக்கு முன்னால் என் கடைக்கு வந்தது. கொண்டு வந்தவர் கம்பெனி முதலாளி தங்கமுத்து அண்ணன். அவிநாசிப் பக்கம் தோட்டம், இங்கே மூன்று மிஷின், தோட்டத்தையும் கம்பெனியையும் ஒரே ஆளாக ஓடி ஓடிப் பார்க்கிறவர்.

பிரித்துப் பார்த்தேன். போர்டில், வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்துகிற ஆறு வோல்ட் ரெகுலேட்டர் செத்திருந்தது. அது அதிகம் புழங்காத சரக்கு. என்னிடம் இல்லை, கடைத்தெருவிலும் இல்லை. கோயமுத்தூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றேன்.

"ரெண்டு நாளுங்களா? சாயப்பட்டறைக்கு நாளைக்கு ரோல் போயாவணுங்கம்மிணி. கண்ணில்லாம மிஷின ஓட்டச் சொல்றீங்களா?" என்றார்.

என் டப்பாவில் ஐந்து வோல்ட் ரெகுலேட்டர் மட்டும் கைநிறையக் கிடந்தது. 7805. சினிமாக் கொட்டகையில் முறுக்கு மாதிரி, எப்போது கேட்டாலும் இருக்கும்.

"சித்த நேரம் உக்காருங்கண்ணா. அஞ்ச ஆறாக்கித் தாறேன்" என்றேன்.

மூன்று கால் ஜீவன்

7805-ஐப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நகத்தளவு கறுப்பு உடம்பு, பின்னால் ஓட்டையோடு ஒரு உலோகத் தகடு, கீழே மூன்று கால். இடது காலில் பத்து வோல்ட் கொடுத்தாலும் பதினைந்து கொடுத்தாலும் வலது காலில் ஐந்துதான் வரும். நடுக்கால் தரைக்கு. மின்சாரக் கணக்கில் பூஜ்யம் என்று நாம் வைத்துக்கொள்கிற இடத்துக்குத் தரை என்று பேர்.

பாலிடெக்னிக்கில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர், "அஞ்சுன்னு எழுதியிருந்தா அஞ்சுதான். அதுக்கு மேல ஒரு புள்ளி அதுகிட்ட கேக்காதீங்க" என்பார். நானும் நம்பினேன். பரீட்சையில் அப்படியே எழுதி மார்க்கும் வாங்கினேன்.

அந்த நம்பிக்கை ஒரு எடை மிஷினில் உடைந்தது.

எடை மிஷினைக் கொன்ற கதை

கடை போட்ட புதிது. துணி ரோல் எடை போடுகிற எலக்ட்ரானிக் தராசு ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ரெகுலேட்டரை மாற்றினேன். இரண்டு காலுக்கு ஈயம் வைத்தவள், ஏதோ பேச்சுச் சுவாரஸ்யத்தில் நடுக்காலுக்கு வைக்க மறந்துவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் சிவப்பு எண்கள் தீபாவளியாட்டம் ஒரு தடவை பளீரென்று எரிந்தன. பிறகு அந்தத் தராசு எரியவே இல்லை. ஐந்து வர வேண்டிய இடத்தில் பதினொன்று வந்திருந்தது.

தராசுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ரெகுலேட்டர் ஏன் பொய் சொன்னது என்பது. கழற்றித் தனியாக அளந்தால் ஐந்து. ஒழுங்காக ஐந்து. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாம்பார் தாளிக்கும்போது புரிந்தது. அது பொய்யே சொல்லவில்லை. அதற்குத் தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தன் நடுக்கால் எங்கே நிற்கிறதோ அதுதான் அதற்குத் தரை. அங்கிருந்து ஐந்து அளந்து கொடுக்கும். காலே எங்கும் ஊன்றாவிட்டால் பாவம் எதிலிருந்து அளக்கும்?

அடுப்பை அணைக்காமல்கூடக் கடைக்கு ஓடினேன். நடுக்காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு டயோடைச் செருகினேன். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்னக் குழாய். போகிற மின்சாரத்திடம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் பிடித்துக்கொள்ளும். மீட்டரில் 5.64 வந்தது. இரண்டு டயோடு வைத்தேன். 6.27. டயோடுகளை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு எல்இடி வைத்தேன். ஆறே முக்காலுக்குப் போனது, அந்த எல்இடியும் மங்கலாக எரிந்தது.

என் மாமியார் எட்டிப் பார்த்து, "ஏனம்மிணி தனியா சிரிக்கற? ஊட்டுல தாளிச்சது கருகிக் கெடக்குது" என்றார்.

எப்படி விளக்குவது? நான் உயரத்தில் சரியாக ஐந்தடி. பரண் மேல் இருக்கிற அண்டாவை எடுக்க முக்காலி போட்டு ஏறுவேன். நான் வளரவில்லை, என் கை மட்டும் உயரத்துக்குப் போகிறது. ரெகுலேட்டரும் அப்படித்தான். அதன் ஐந்து என்றைக்கும் ஐந்துதான். அதன் காலுக்குக் கீழே நாம் என்ன வைக்கிறோமோ அதுவும் சேர்ந்து மேலே வருகிறது.

இவ்வளவு சின்னது, இவ்வளவு மாறாதது, ஆனாலும் ஒரு முக்காலி போட்டுக் கேட்டால் எட்டிக் கொடுக்கிறது. அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவும் செய்தேன், யாரும் பார்க்கவில்லை.

அழகாக முடுக்கியது

தங்கமுத்து அண்ணனின் போர்டிலும் அதையேதான் செய்தேன். 7805-ஐ வைத்து, நடுக்காலுக்குக் கீழே இரண்டு டயோடு. கம்பெனிக்கே எடுத்துப்போய் இணைத்தேன். ரெகுலேட்டர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். 6.27. கொக்கி உடைந்த ஒரு ஊசியைப் போட்டு ஓட்டினோம். ஒரு சுற்று முடிவதற்குள் மிஷின் நின்றது.

"அட ஆமாங்க! நெம்ப சுத்தமா நிக்குதுங்க" என்றார் அண்ணன்.

நல்ல ஊசியைத் திரும்பப் போட்டார்கள். நான் வேலையை அழகாக முடிக்கிற ஆள். ரெகுலேட்டர் சூடாகும் என்பதால் அதன் முதுகுத் தகட்டைப் பெட்டியின் இரும்புச் சுவரோடு ஒட்டவைத்து, பழைய ரெகுலேட்டர் இருந்த அதே ஓட்டையில் போல்ட்டைப் போட்டு முடுக்கினேன். சூடு சுவரில் இறங்கிப் போய்விடும். பெட்டியை மூடினேன். கண்ணுக்கு மின்சாரம் போகிறது என்று காட்டுகிற பச்சை விளக்கு எரிந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மூடிய பிறகு அளக்கவில்லை. எதற்கு அளப்பது? இப்போதுதானே அளந்தேன்.

பிகாஷ் ஒப்புக்கொண்டது

எட்டு நாள் எந்த ஊசியும் உடையவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் ஒன்று உடைந்தது. மிஷின் நிற்கவில்லை. பாதி ரோல் கோடு விழுந்த பிறகுதான் ஆபரேட்டர் பார்த்தார்.

ஆபரேட்டர் பேர் பிகாஷ். ஒடிசாக்காரர், முப்பது வயசு இருக்கும். ஆறு வருஷமாக அங்கேயே வேலை. கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற ரூமில் குடியிருந்தார். மனைவி சபிதா அடுத்த தெருவில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். வேலை போனால் ரூமும் போகும்.

அடுத்த நாள் காலையில் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "உங்க வேலையில கொற சொல்லலீங்கம்மிணி. பஞ்சு அடைச்சா அந்தக் கண்ணு மிஷின நிறுத்துமில்லீங்களா? அப்ப சுவிட்ச ஆஃப் பண்ணிப்போட்டு, காத்தடிச்சு ஊதிப்போட்டு, மறுக்கா போடோணும். இவன் ஊதிப்போட்டு சுவிட்சப் போட மறந்துட்டான். கோட்டப் பாத்ததும் பதறிப்போய்ப் போட்டிருக்கறான்."

"அவரு என்ன சொல்றாருங்க?"

"மொதல்ல இல்லவே இல்லீங்கன்னான். போர்டு இப்பத்தான் ரெடி பண்ணுனது, பச்ச லைட்டு எரியுது, பொறகு எப்பிடிறா நிக்காமப் போச்சுன்னு கேட்டேன். அதுக்கு மேல அவனே ஒத்துக்கிட்டான்."

நான் உடனே ஒன்று சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"என் போர்டு தப்புப் பண்ணாதுங்கண்ணா" என்றேன்.

"அது தெரியாதுங்களா? அவன ரூமக் காலி பண்ணச் சொல்லிப்போட்டேன். நாளைக்குப் புது ஆளு வாறான். எதுக்கும் இன்னைக்கு ஒருக்கா வந்து பாத்துப்போடுங்க" என்றார்.

முடுக்கினால் ஐந்து, தளர்த்தினால் ஆறு

அப்படித்தான் அன்று மதியம் இரண்டரை மணி வாக்கில் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மீட்டர் 5.02 காட்டியது.

ஆறு கேட்கிற விளக்குக்கு ஐந்து கொடுத்தால் எரியத்தான் செய்யும், ஆனால் மங்கலாக. பஞ்சு மொத்தமாக மறைத்தால் கண்ணுக்குத் தெரியும். உடைந்த ஒரு கொக்கியைப் பார்க்கிற அளவுக்கு வெளிச்சம் போதாது. அது எனக்குப் புரிந்தது. டயோடு இரண்டும் செத்துவிட்டதோ என்று பார்க்க ரெகுலேட்டரைக் கழற்றப் போனேன். மீட்டர் ஒயர்களின் முனைகளை எடுக்காமலே போல்ட்டைத் தளர்த்தினேன்.

தகடு சுவரை விட்டு ஒரு மயிரிழை விலகியது. மீட்டரில் 6.27.

திரும்ப முடுக்கினேன். 5.02.

தளர்த்தினேன். 6.27.

சத்தியமாக அரை நிமிஷம் எனக்கு வெட்கமே வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. ஏழெட்டுத் தடவை முடுக்கித் தளர்த்திப் பார்த்தேன். ரெகுலேட்டரின் முதுகுத் தகடு உள்ளுக்குள் நடுக்காலோடு சேர்ந்தது. பெட்டியின் சுவரோ தரையோடு சேர்ந்தது. தகட்டைச் சுவரோடு முடுக்கிய அந்த நொடியிலேயே நடுக்கால் முதுகு வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. டயோடுகள் சும்மா வேடிக்கை பார்த்திருக்கின்றன. பத்து நாளும் அந்த ஜீவன் சொன்ன சொல் தவறவில்லை. எங்கே நிற்க வைத்தேனோ அங்கிருந்து சரியாக ஐந்து கொடுத்திருக்கிறது. அவ்வளவு நேர்மையான பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் பிகாஷ் ஞாபகம் வந்தது.

தங்கமுத்து அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் போனில் இருந்தார். பெட்டிக்குள் நான் என்ன பார்த்தேன் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிஷத்தில் சரி செய்து மூடிவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த யோசனை வரவே இல்லை என்று எழுத ஆசைதான். வந்தது. கையில் திருப்புளியோடு அந்த யோசனையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ரூம் பக்கம் யாரோ டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணா, போன வைச்சுட்டு வாங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

இஸ்திரிப் பெட்டியும் பொத்தானும்

அவர் முன்னால் முடுக்கிக் காட்டினேன், தளர்த்திக் காட்டினேன். முக்காலிக் கதையைச் சொன்னேன். அவர் மீட்டரையே பார்த்தார். ஊசிகளோடு வாழ்க்கை நடத்துகிறவர், விஷயம் பிடிபட நேரமாகவில்லை.

"அப்ப, ஏத்திவிட்ட முக்காலிய நீங்களே உருவிப்போட்டீங்க" என்றார்.

"ஆமாங்கண்ணா. தப்பு எம் மேலதான். அவரு சுவிட்ச மறக்கலீங்க."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நானும் அவனக் கண்டமேனிக்குப் பேசிப்போட்டனே. அவனக் கூப்படறேன். அவங்கிட்ட நீங்களே சொல்லுங்க. மொதல்ல இதச் சரி பண்ணுங்க."

தகடு சுவரைத் தொடவும் கூடாது, சூடு சுவருக்குப் போகவும் வேண்டும். அதற்கு நடுவில், மின்சாரத்தை மறித்துச் சூட்டை மட்டும் விடுகிற அபிரக (மைக்கா) துண்டு வைப்பார்கள். கடைக்குப் போய்வர நேரமில்லை. பக்கத்து ஷெட்டில் அயர்னிங் செக்ஷன். அங்கே செத்துக் கிடந்த ஒரு இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே கம்பிச்சுருளைச் சுற்றி அருமையான அபிரகத் தகடு இருந்தது. கத்தரியால் நகத்தளவு வெட்டினேன்.

போல்ட்டும் தகட்டைத் தொடக் கூடாது. ஒயரின் பிளாஸ்டிக் தோலை உரித்து ஒரு மெல்லிய போல்ட்டுக்குச் சட்டை போட்டேன். அதன் தலைக்குக் கீழே வைக்க ஏதாவது வேண்டும். சாம்பிள் தைக்கிற பெண்ணிடம் காலர் பனியனுக்கு வைக்கிற பொத்தான் ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

முடுக்கினேன். முடுக்கிய பிறகு அளந்தேன். 6.27.

டீ டைம்

பிகாஷ் வந்து மிஷினை விட்டு நாலடி தள்ளியே நின்றார். தொட உரிமை இல்லாத ஆள் மாதிரி கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட்டைச் சொன்னேன், மங்கலான விளக்கைச் சொன்னேன், அளக்காமல் மூடியதைச் சொன்னேன். "என் போர்டு தப்புப் பண்ணாதுன்னு போன்ல நான்தான் சொன்னேன், என்னை மன்னிச்சுருங்க" என்றும் சொன்னேன்.

அவர் மிஷினுக்குப் பக்கத்தில் வந்தார். கருவிப் பெட்டியைத் திறந்து, கொக்கி உடைந்த ஊசி ஒன்றை எடுத்து மிஷினில் போட்டார். ஓட்டினார். மிஷின் நின்றது. ஊசியை வேறு இடத்துக்கு மாற்றினார். நின்றது. மூன்றாவது இடம். நின்றது. வீணாகிற துணியைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை.

"பையெல்லாம் பிரிச்சு வையி கண்ணு. எங்கயும் போவ வேண்டாம்" என்றார்.

பிகாஷ் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்போ நான் மறக்கலையாக்கா?"

"மறக்கலை."

"சுவிட்ச் போட்டேன்?"

"போட்டீங்க பிகாஷ்."

"எனக்கு ஞாபகம் இல்லக்கா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடறேன், எது ஞாபகம் இருக்கும்? எல்லாரும் சொன்னாங்க, லைட் எரியுது, போர்டு நல்லா இருக்கு. அப்போ நான்தான் மறந்திருப்பேன்னு நெனச்சேன். நம்பிட்டேன்."

வேலை போனதும் ரூம் போனதும்தான் அவருக்கு நான் செய்த கெடுதல் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நாலு மணி, டீ டைம். மிஷின்களை நிறுத்தினார்கள். பிகாஷ் மனைவிக்குப் போன் போட்டு அவர்கள் மொழியில் வேகமாகப் பேசினார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "நீங்க சொல்லுங்கக்கா. நான் சொன்னா, அவ மனசு ஆறட்டும்னு சொல்றேன்னு நெனப்பா."

வாங்கினேன். அந்தப் பக்கம் டீ டம்ளர் சத்தங்களுக்கு நடுவில் சபிதாவின் மூச்சு கேட்டது.

"அவரு எதையும் மறக்கலம்மா. நான் பண்ணுன தப்பு அது" என்றேன்.

அவள் தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அக்கா, நேத்துல இருந்து அவர் கதவு பூட்டினா, என்னை வந்து இன்னொரு தடவை பூட்டச் சொல்றார். கேஸ் மூடினா, என்னை மூடச் சொல்றார். என் கையை நம்பாதேன்னு சொல்றார்."

நான் பிகாஷைப் பார்த்தேன்.

"இனிமே அவரே பூட்டட்டும் சபிதா" என்றேன்.